கையை எடுத்தாலும் குறையாத ரேஸ்!

பைக் ஓட்டுவீங்களா? அப்போ கையால ஆக்ஸிலேட்டர் கொடுக்கறது உங்களுக்குப் புதுசு இல்லை. வலது கையை முறுக்கினா வண்டி சீறும். கையை எடுத்தா கிரிப் தானா திரும்பி, இன்ஜின் அடங்கிடும். ஒரு சின்ன ஸ்பிரிங் பார்க்கிற வேலை அது. இப்போ அந்த ஸ்பிரிங்கைக் கழட்டி வீசிட்டதா நினைச்சுக்கோங்க. முறுக்கின இடத்துலயே கிரிப் நிக்குது. நீங்க கையை எடுத்து தலைமுடியைக் கோதிக்கறீங்க. வண்டி பாட்டுக்கு அதே வேகத்துல போயிட்டே இருக்கு. அடிவயிறு லேசா கலங்குதில்ல?

இந்தச் சமாசாரத்தை வேணும்னே டிசைன் பண்ணி, லட்சக்கணக்கான வண்டிகள்ல மாட்டி வித்திருக்காங்க பாஸ்! பேர், ஹேண்ட் த்ராட்டில். நம்ம ஊர் டிரைவர் பாஷையில ‘கை ஆக்ஸிலேட்டர்’. அமெரிக்காவோட பழைய பிக்கப் டிரக்குகள்ல ஒரு காலத்துல ஜம்முனு உட்கார்ந்திருந்து, அப்புறம் காணாமப் போன ஐட்டம். ஆனா, காஞ்சிபுரம் பக்கத்துல ஐயங்கார்குளத்து வயல்ல அது இன்னிக்கும் டூட்டி பார்க்குது. அந்தக் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி, கொஞ்சம் பின்னாடி போயிட்டு வந்துடலாம்.

மிதிக்கவே வேணாம்!

1908-ல் வந்து 1927 வரைக்கும் விற்ற ஃபோர்டு மாடல்-டி காரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஒன்றரைக் கோடி கார்கள் தயாரான மாடல். அதுல மூணு பெடல் உண்டு. ஒண்ணு கியருக்கு, நடுவுல இருக்கறது ரிவர்ஸுக்கு, வலது பக்கம் பிரேக். ஆக்ஸிலேட்டர் பெடல்? கிடையவே கிடையாது. ஸ்டீரிங்குக்குக் கீழே மீசை மாதிரி ரெண்டு லிவர் நீட்டிக்கிட்டு இருக்கும். இடது மீசை ஸ்பார்க் டைமிங், வலது மீசை த்ராட்டில். எந்த இடத்துல தள்ளி விடறீங்களோ, அங்கேயே நிக்கும்.

அப்புறம் காலால மிதிக்கிற ஆக்ஸிலேட்டர் எல்லா வண்டிக்கும் வந்துடுச்சு. ஆனாலும் கை சமாசாரம் உடனே ஓடிப் போகலை. 1940-களோட கடைசியில வந்த ஷெவர்லே பிக்கப்போட டேஷ்போர்டைப் பார்த்தா, ரெண்டு குமிழ் இருக்கும். ஒண்ணு சோக், இன்னொண்ணு த்ராட்டில். குமிழை இழுத்தா, ஒரு கேபிள் போய் கார்புரேட்டர்ல இருக்கற வட்டத் தகட்டை (அதான், பட்டர்ஃப்ளை வால்வ்) கொஞ்சம் திறந்து அப்படியே பிடிச்சுக்கும். கார்ல போறவனுக்கு இது எதுக்கு? அவனுக்கு இல்லை, விவசாயிக்கு! பனி கொட்டுற காலையில இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் ரேஸ் வெச்சுட்டு மாட்டுக்குத் தீவனம் போடப் போயிடலாம். இன்னொரு உபயோகம் செம தில்லு. வயல்ல வைக்கோல் கட்டுகள் வரிசையா கிடக்கும். வண்டியை லோ கியர்ல போட்டு, குமிழை இழுத்து வெச்சுட்டு டிரைவர் கீழே குதிச்சிடுவார். டிரக் தானா ஊர்ந்து போகும். இவர் பக்கத்துல நடந்துக்கிட்டே கட்டைத் தூக்கி மேலே போடுவார். சம்பளம் வாங்காத டிரைவர்!

ஜீப்புக்கும் இதே வரம் கிடைச்சது. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச 1945-ல் வில்லிஸ் கம்பெனி சிஜே-2ஏ ஜீப்பை விவசாயிகளுக்குன்னே மார்க்கெட்டுல இறக்குச்சு. பின்னாடி பிடிஓ மாட்டிக்கலாம். பிடிஓன்னா பவர் டேக் ஆஃப். இன்ஜினோட சுத்தற சக்தியை ஒரு ஷாஃப்ட் வழியா வெளியே எடுத்து வேற மிஷினை ஓட்டறது. 1947-ல் மஹிந்திரா இந்தியாவுல வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது. பழைய ஜீப்பைத் துடைச்சுப் பளபளன்னு ரெஸ்டோர் பண்ணி வெச்சிருக்கற ஆளுங்க யாராவது தெரிஞ்சா, டேஷ்போர்டை ஒரு தடவை காட்டச் சொல்லிக் கேளுங்க.

இந்தக் குமிழைச் சிலர் நெடுஞ்சாலையில காலுக்கு ரெஸ்ட் கொடுக்கவும் இழுத்து வெச்சாங்க. ஏழைகளோட க்ரூஸ் கன்ட்ரோல்! ஆனா ஒரு வில்லங்கம். இன்னிக்குக் கார்கள்ல இருக்கற க்ரூஸ் கன்ட்ரோல், பிரேக்கைத் தொட்டதும் தானா விலகிடும். குமிழுக்கு அந்த நாகரிகம் எல்லாம் தெரியாது. நீங்க பிரேக்கை அழுத்துவீங்க, இன்ஜின் ‘நான் போவேன்’னு இழுக்கும். ரால்ஃப் டீட்டர்னு ஒரு இன்ஜினீயர் 1950-ல் வேகத்தைப் பிடிச்சு வைக்கிற கருவிக்குப் பேட்டன்ட் வாங்கி, 1958-ல் கிரைஸ்லர் கார்ல அது வந்தது. டீட்டருக்குச் சின்ன வயசுலயே பார்வை போயிடுச்சு. கார் ஓட்டவே முடியாத மனுஷர், உலகத்துக்கே கார் ஓட்டறதைச் சுலபமாக்கிட்டார். அரியர் இருக்குன்னு புலம்பறவங்க ஒரு நிமிஷம் இவரை நினைச்சுக்கலாம்.

ஐயங்கார்குளம் ஸ்டாப்பிங்

பிக்கப்ல வேலை முடிஞ்சு போச்சு. டிராக்டர்ல முடியலை. அதைப் பார்க்கத்தான் ஐயங்கார்குளம். பேருக்கேத்த மாதிரி சஞ்சீவிராயர் கோயிலை ஒட்டி ஏரி சைஸுக்கு ஒரு குளம். கொஞ்ச தூரத்துல பூமிக்குள்ள இறங்கிப் போற நடவாவிக் கிணறு. சித்ரா பௌர்ணமிக்கு காஞ்சி வரதர் வந்து இறங்கற இடம். அன்னிக்குத் திருவிழாக் கூட்டம் அம்மும். மத்த நாள்ல நெல்லு, சேறு, கொக்கு, டிராக்டர்.

நான் போனப்போ ஒரு சிவப்பு டிராக்டர் பின்னாடி ரொட்டவேட்டரை மாட்டிக்கிட்டு சேற்றுழவு ஓட்டிக்கிட்டு இருந்தது. (1960-ல் சென்னையில ஆரம்பிச்ச டாஃபே கம்பெனி மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரிச்ச நாள்ல இருந்து, இந்தப் பக்கத்து வயல்கள்ல சிவப்புக்குத் தனி மரியாதை.) ஓட்டிக்கிட்டு இருந்த அண்ணனோட கால், ஆக்ஸிலேட்டர் பெடல் பக்கமே போகலை. ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த லிவரை ஒரு இடத்துல வெச்சார், அவ்வளவுதான். அதுக்கப்புறம் பாதி நேரம் அவர் பார்வை பின்பக்கம்தான்.

வரப்போரம் வண்டியை நிறுத்தினப்போ கேட்டேன். “பெடல்ல கால் வெச்சு ஓட்டினா என்னண்ணே?”

“நீ ஏறி ஓட்டிப் பாரு தம்பி. வண்டி குலுங்கும்போது காலும் சேர்ந்து குலுங்கும். கால் குலுங்கினா ரேஸ் ஏறி இறங்கும். ரேஸ் ஏறி இறங்கினா வண்டி இன்னும் குலுங்கும். ஒரு இடத்துல சேறு ஆழமா போகும், ஒரு இடத்துல சும்மா தடவிட்டுப் போகும். கையில வெச்சா மறந்துடலாம். கால் கிளட்ச்சுக்கு, கை ஸ்டீரிங்குக்கு, கண்ணு பின்னாடி மிஷினுக்கு.”

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இந்த இடத்துல லைட்டா ஒரு மணி அடிச்சிருக்கணும். அண்ணன் சொன்னது அக்மார்க் பாசிட்டிவ் ஃபீட்பேக்! நம்ம லெக்சரர் மூணு போர்டு நிறைய எழுதினதை, அவர் வரப்புல நின்னுக்கிட்டு மூணு வரியில முடிச்சுட்டார்.

லிவருக்குப் பின்னாடி ஒரு மூளை

இப்போ மேட்டருக்கு வருவோம். அமெரிக்க பிக்கப்ல இருந்த குமிழும், ஐயங்கார்குளத்து லிவரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், ஆள் வேற வேற.

பிக்கப்போட குமிழ் ஒரு கதவைப் பாதி திறந்து பிடிச்சுக்கற மாதிரி. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். மேடு வந்தா லோடு கூடும், இன்ஜின் திணறி வேகம் இறங்கும். இறக்கத்துல லோடு குறையும், வேகம் எகிறும். கதவு மட்டும் அதே பாதி. என்ன நடக்குதுன்னு பார்க்க உள்ளே யாரும் இல்லை.

டீசல் டிராக்டர்ல கார்புரேட்டரும் கிடையாது, பட்டர்ஃப்ளையும் கிடையாது. காத்து தாராளமா உள்ளே போகும். எவ்வளவு டீசல் பீச்சணும்கறதை ஃப்யூயல் பம்ப்தான் முடிவு பண்ணும். அந்தப் பம்ப்போட ஒட்டிக்கிட்டு கவர்னர்னு ஒருத்தர் இருக்கார். ராஜ்பவன்ல இருக்கறவர் இல்லை, இவர் நிஜமாவே இருபத்துநாலு மணி நேரமும் வேலை பார்க்கறவர்! சுத்தற ஷாஃப்ட்ல ரெண்டு குட்டி எடைகள். வேகம் கூடினா அது வெளியே விரியும், டீசலைக் குறைக்கும். வேகம் குறைஞ்சா, ஒரு ஸ்பிரிங் அந்த எடைகளை உள்ளே தள்ளி டீசலைக் கூட்டும். சரி, கை லிவர் எங்கே வருது? அது அந்த ஸ்பிரிங்கை இறுக்குது, தளர்த்துது. ஆகக்கூடி, அண்ணன் லிவரைத் தள்ளினப்போ ‘இவ்வளவு டீசல் ஊத்து’ன்னு சொல்லலை. ‘இந்த வேகத்துல ஓடு, டீசல் கணக்கை நீயே பார்த்துக்கோ’ன்னு சொல்லியிருக்கார்.

மெக்கானிக்கல் பசங்களே, ‘டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி’யில வாட் கவர்னர், போர்ட்டர் கவர்னர், ஹார்ட்னெல் கவர்னர்னு படம் போட்டு, பந்து எடை இவ்வளவு, கை நீளம் இவ்வளவு, ரேஞ்ச் ஆஃப் ஸ்பீடு கண்டுபிடின்னு உயிரை வாங்குவாங்களே... சாட்சாத் அவரேதான் இவர்! ‘இதையெல்லாம் இப்போ யாரு யூஸ் பண்றாங்க’ன்னு கடைசி பெஞ்ச்ல முனகினவங்க, ஐயங்கார்குளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் போடலாம். ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி இன்ஜினுக்கு மாட்டின ஐடியா. ‘சில கவர்னர்கள் ஏன் நிலைக்கு வராம ஆடிக்கிட்டே இருக்கு’ன்னு யோசிச்சு 1868-ல் மேக்ஸ்வெல் எழுதின கட்டுரையைத்தான் கன்ட்ரோல் தியரிக்கே பிள்ளையார் சுழின்னு சொல்றாங்க. ஆமா, நம்மளை எலக்ட்ரோமேக்னடிக்ஸ்ல படுத்தி எடுக்கற அதே மேக்ஸ்வெல்.

இந்த கவர்னருக்கும் ஒரு குறை உண்டு. லோடு ஏறினா பழைய வேகத்துக்கு முழுசா திரும்பாது, கொஞ்சம் குறைவாவே நிக்கும். சும்மா ஓடும்போது 1,600 ஆர்.பி.எம் இருந்தா, ரொட்டவேட்டர் மண்ணைக் கடிச்சதும் நூறோ என்னவோ இறங்கி நிக்கும்னு வெச்சுக்கோங்க. இதுக்குப் பேர் ட்ரூப். புரபோர்ஷனல் கன்ட்ரோலருக்கு ஸ்டெடி ஸ்டேட் எரர் இருக்கும்னு படிக்கறோமே, அதைக் காதால கேட்கணும்னா இங்கே கேட்கலாம். அண்ணனோட டிராக்டர்ல ஆர்.பி.எம் மீட்டர் என்னிக்கோ கண்ணை மூடிடுச்சு. “சத்தத்துலயே தெரிஞ்சுடும் தம்பி”ன்னு சிரிக்கறார்.

ஒன்பது சுத்து

பிடிஓவுக்கு உலகம் முழுக்க ஒரு பழைய கணக்கு இருக்கு. நிமிஷத்துக்கு 540 சுத்து. 1920-கள்ல அமெரிக்க விவசாய இன்ஜினீயர்கள் ஒண்ணா உட்கார்ந்து பேசி முடிவு பண்ண ஸ்டாண்டர்டு, இன்னி வரைக்கும் நிக்குது. அதனாலதான் எந்தக் கம்பெனி டிராக்டர்லயும் எந்தக் கம்பெனி ரொட்டவேட்டரையும் மாட்ட முடியுது. டிராக்டர் மீட்டர்ல ‘இந்த ஆர்.பி.எம்-ல வெச்சா பிடிஓ 540’னு ஒரு குறி இருக்கும். கை லிவரை அந்தக் குறிக்குக் கொண்டுபோய் விட்டுட்டா போதும்.

இப்போ கேம்பஸ்ல இருந்து வந்திருக்கற நமக்கு ஒரு கணக்கு. 540-ஐ 60-ஆல வகுத்தா, செகண்டுக்கு 9 சுத்து. டிராக்டர்ல இருந்து வெளியே நீட்டிக்கிட்டு இருக்கற பல் வெச்ச ஷாஃப்ட்டோட விட்டம் 35 மில்லிமீட்டர். சுத்தளவு சுமார் 11 சென்டிமீட்டர். அதுல ஒரு துண்டோட நுனி மாட்டிச்சுன்னா, ஒரே செகண்டுல கிட்டத்தட்ட ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிடும். நடுவுல இருக்கற ஜாயின்ட் இன்னும் பருமன், அங்கே இன்னும் வேகம். ‘ஐயோ’ன்னு கத்த வாயைத் திறக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். வேட்டி, லுங்கி, துண்டு, புடவைத் தலைப்பு, சுடிதார் துப்பட்டா... நம்ம ஊர் உடுப்பு எல்லாமே அந்த ஷாஃப்ட்டுக்குப் பிடிச்ச சாப்பாடு.

இதுக்கும் கை ஆக்ஸிலேட்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? சம்பந்தமே அதுலதான் இருக்கு! கால் பெடலா இருந்தா, மனுஷன் இறங்கினதும் இன்ஜின் ஐடிலுக்கு வந்துடும். கை லிவர் அப்படி இல்லை. வைக்கோல் கட்டற மிஷினை நினைச்சுப் பாருங்க. அறுவடை முடிஞ்ச வயல்ல டிராக்டர் அதை இழுத்துக்கிட்டுப் போகுது. ஈர வைக்கோல் போய் அடைச்சுக்குது. டிரைவர் வண்டியை நிறுத்தி, நியூட்ரல் போட்டு, ‘ஒரு நிமிஷ வேலைதானே’ன்னு இறங்கிக் கையால இழுக்கப் பார்க்கறார். முன்னாடி சீட்ல யாரும் இல்லை. ஆனா லிவர் வெச்ச இடத்துலயே இருக்கு. பிடிஓவை விலக்காம இறங்கினா, ஷாஃப்ட் 540-ல் சுத்திக்கிட்டேதான் இருக்கு. அடைப்பு இருக்கறதால லோடு கூடினா, நம்ம கவர்னர் விசுவாசமா இன்னும் கொஞ்சம் டீசல் ஊத்துவார். அவருக்கு வைக்கோலுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாது.

“சீட்டுல ஆளு இல்லாமயே மிஷின் ஓடணும்னுதானே இதை வெச்சிருக்கான்”னு அண்ணன் சொன்னது உண்மைதான். கதிரடிக்கிற மிஷின், தண்ணி பம்ப் இதையெல்லாம் டிராக்டர்ல மாட்டி ஓட்டும்போது சீட்டுல உட்கார்ந்து யார் மிதிச்சுக்கிட்டு இருக்கறது? நல்லதும் ஆபத்தும் ஒரே லிவர்ல. நாடு முழுக்கக் கதிரடிக்கிற மிஷின்ல கை போனவங்க கதைகள் சேர்ந்து சேர்ந்துதான், 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்னு ஒண்ணை நாடாளுமன்றம் கொண்டுவந்தது. தானியம் போடற வாய்ல கை உள்ளே போகாதபடி அமைப்பு இருக்கணும், விபத்து நடந்தா நஷ்டஈடு கொடுக்கணும்னு சொல்ற சட்டம். ஷாஃப்ட்டுக்கு மேலே பிளாஸ்டிக் உறையும் உண்டு. உறை உடைஞ்சா ‘வேலைக்கு இடைஞ்சல்’னு கழட்டி மூலையில போடற பழக்கமும் உண்டு. என்னைக் கேட்டா, வண்டியைக் கழுவி, பொட்டு வெச்சு, மாலை போடற அக்கறையில பத்துல ஒரு பங்கை அந்த உறைக்குக் கொடுக்கலாம்.

அண்ணனுக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. இறங்கணும்னா முதல்ல கை லிவரைக் கீழே கொண்டுவந்துடறார். அப்புறம் பிடிஓ லிவரை விலக்கறார். ஷாஃப்ட் நிக்கறதைத் திரும்பிப் பார்க்கறார். மிஷினுக்குள்ள கை விடற வேலைன்னா இன்ஜினையே நிறுத்திடறார். நிறுத்தறதுலயும் ஒரு சங்கதி இருக்கு, கட்டாயம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பழைய டீசல் டிராக்டர்கள்ல சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணா இன்ஜின் நிக்காது! டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லையே, கரன்ட்டைக் கட் பண்ணி என்ன பண்றது? ‘ஸ்டாப்’னு தனியா ஒரு குமிழ் இருக்கும், அதை இழுக்கணும். அப்போதான் டீசல் நிக்கும். யாரோ மாட்டிக்கிட்டுக் கத்தும்போது, உதவிக்கு ஓடி வர்ற ஆள் சாவியைத் திருகிக்கிட்டு நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஊருக்குப் போகும்போது உங்க சித்தப்பா, பெரியப்பா டிராக்டர்ல அந்தக் குமிழ் எங்கே இருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் காட்டிடுங்க, ப்ளீஸ். ரெண்டு நிமிஷ வேலை.

ரோட்டுக்கு வேற ரூல்

வயல்ல ஹீரோவா இருக்கற லிவர், ரோட்டுல வில்லன். கை லிவர்ல ரேஸ் வெச்சபடி ரோட்டுல போனா, கால் பெடலை விட்டாலும் வேகம் அந்த அளவுக்குக் கீழே இறங்காது. பின்னாடி டிரெய்லர் நிறைய நெல் மூட்டை, எதிர்ல ஸ்கூல் பஸ்... கவர்னர் பாட்டுக்கு வேகத்தைக் காப்பாத்தப் பார்ப்பார். அதனால ரோட்டுல ஏறினதும் கை லிவர் ஐடிலுக்குப் போயிடணும், கால் மட்டும்தான் பேசணும். சேத்துல ஓடி ஓடி லிவரைப் பிடிச்சுக்கற வாஷர் தேய்ஞ்சு போனா வேற தொல்லை. அதிர்வுலயே லிவர் தானா நழுவும். அதுக்கு அண்ணன் பண்ணியிருக்கற டெக்னாலஜி, பழைய சைக்கிள் டியூப்ல இருந்து வெட்டின ஒரு வாரு! நம்ம டிபார்ட்மென்ட்ல இதை மினி புராஜெக்ட்டா காட்டினா மார்க் போடுவாங்களான்னு தெரியலை. எனக்கென்னவோ ரெண்டு வாஷரும் ஒரு ஸ்பிரிங்கும் வாங்கிப் போடறதுதான் நல்லதுன்னு படுது. அவசரத்துக்கு லிவரைத் தட்டும்போது ரப்பர் இழுத்துப் பிடிச்சுக்கிட்டா?

டீசல் விஷயத்துலயும் இந்த லிவருக்குப் பங்கு உண்டு. காலி டிரெய்லர், சும்மா சமன் பண்ற வேலை மாதிரி லேசான வேலைக்கு, லிவரைக் குறைச்சு ஒரு கியர் மேலே போட்டா, அதே வேகத்துல போகலாம், டீசலும் கம்மியாகும். ரொட்டவேட்டர் மாதிரி 540 கட்டாயம் வேணும்கற வேலைக்கு இது செல்லாது. அதுக்குன்னே குறைஞ்ச இன்ஜின் வேகத்துலயே 540 கொடுக்கற ‘எகானமி பிடிஓ’ சில மாடல்கள்ல வந்திருக்கு. மணிக்கணக்குல வாடகைக்கு ஓட்டற ஆளுக்கு லாபமும் நஷ்டமும் அந்த லிவரை எங்கே வைக்கறார்ங்கறதுல இருக்கு.

சரி, இந்த எடை, ஸ்பிரிங் எல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? 50 ஹெச்.பி-க்கு மேலே இருக்கற டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில இருந்து ‘டிரெம் ஸ்டேஜ் 4’ங்கற புகை விதி வந்துடுச்சு. அந்த பெரிய வண்டிகள்ல எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன்தான் சகஜம். கை லிவர் இருக்கும், ஆனா அது எந்த ஸ்பிரிங்கையும் இறுக்காது. ஒரு சென்சார் வழியா கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும், மிச்சத்தை புரோகிராம் பார்த்துக்கும். கவர்னர் சாஃப்ட்வேர் ஆயிட்டார்! இதுல ஒரு நல்லதும் உண்டு. சீட்ல ஆள் இல்லைன்னா பிடிஓவை நிறுத்தற ஸ்விட்ச் சில வெளிநாட்டு டிராக்டர்கள்ல இருக்கு. ஐயங்கார்குளம் மாதிரி ஊர்கள்ல உழுதுக்கிட்டு இருக்கற பழைய வண்டிகளுக்கு, விலை கம்மியா, சேறு பட்டாலும் கெடாம, நிறுத்தி வெச்சுக் கதிரடிக்கிற வேலைக்கும் இடைஞ்சல் இல்லாம அப்படி ஒரு சீட் ஸ்விட்ச் பண்ண முடியுமா? ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி நெட்ல உருட்டிக்கிட்டு இருக்கறவங்க, இதை எடுத்துக்கலாம். காப்பிரைட் எல்லாம் கேட்க மாட்டேன்.

அடுத்த தடவை பஸ் ஜன்னல்ல இருந்து உழுதுக்கிட்டு இருக்கற டிராக்டரைப் பார்த்தா, ஹெட்ஃபோனைக் கழட்டிட்டுக் கொஞ்சம் கேளுங்க. கெட்டி மண்ணுல ரொட்டவேட்டர் இறங்கற நேரத்துல சத்தம் ஒரு நொடி தாழும், உடனே புகைக்குழாயில கறுப்பா ஒரு குமுறல் வரும், அப்புறம் சத்தம் பழைய இடத்துக்குக் கிட்டே வந்து நிக்கும். டிரைவர் கை அப்போ ஸ்டீரிங்லதான் இருக்கும்.